குழாய் அட்டவணையை நான் அடுக்கி வெச்ச நாள்

போன வாரம் ஆபீஸ்ல இருந்து உங்கள்ல ஒருத்தர் எனக்கு போன் பண்ணினாரு. "மேடம், பழைய மணலி ஃபோல்டர் ஒண்ணு கெடைச்சிருக்கு. இப்ப இருக்கிற சாஃப்ட்வேர்ல ஒழுங்கா திறக்க மாட்டேங்குது. அதுல இருக்கிற டேபிளை மட்டும் எக்செல்ல திறந்து கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வெச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. நான் "தொடாதே!"ன்னு கத்தினேன். பக்கத்து ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து ஓடி வந்துட்டாரு.

பேரு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. கத்தினதுக்கு மன்னிப்பும் கேக்க மாட்டேன். ஆனா ஏன் கத்தினேன்னு சொல்லாம விட்டா, "ரிட்டயர் ஆன கெழவிக்கு ரத்தக் கொதிப்பு"ன்னு நீங்க சிரிச்சுட்டுப் போயிடுவீங்க. சிரிச்சுட்டு அந்த டேபிளைத் திறப்பீங்க. அதான் எனக்கு பயம்.

நான் வேலைக்குச் சேந்தப்ப நம்ம ஆபீஸ் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு மாடியில இருந்துச்சு. ரெண்டு கம்ப்யூட்டர், மேப் பிரிண்ட் எடுக்கிற ஒரு பெரிய பிளாட்டர், ஜன்னலைத் திறந்தா உப்புக் காத்து, மூடினா புழுக்கம். சுத்துவட்டாரத்துல இருக்கிற கம்பெனிகளுக்கு பைப்லைன் மேப் போட்டுக் குடுக்கிறதுதான் வேலை. அந்தப் பழைய மேப் சாஃப்ட்வேர் அப்ப மூணாம் பதிப்புல இருந்துச்சு. தங்கமான சாஃப்ட்வேர். இத்தனூண்டு மெமரியில ஓடும், பொட்டுன்னு திறக்கும். எங்களோட ஒரு அக்கா வேலை பாத்தாங்க. அவங்க அதுலயே சின்னச் சின்னதா புரோகிராம் எழுதி பட்டன் வெச்சிருந்தாங்க. ஒரு பட்டனை அமுக்கினா, மேப்புல இருக்கிற பைப் எல்லாம் நம்பர் வரிசையில லிஸ்டா பிரிண்ட் ஆகி வந்துடும். உள்ள இருக்கிற ஃபைல் கலையாது.

அக்கா கல்யாணமாகி பெங்களூர் போயிட்டாங்க. அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு புதுப் பதிப்பு வந்துச்சு. மூணுக்கு அப்புறம் நாலுன்னுதானே நினைப்பீங்க? நேரா எட்டுன்னு வந்து நின்னான். பேருதான் ஒண்ணு, ஆளு வேற. பழைய வேலையை எல்லாம் உள்ள இழுத்துக்கும்னு சொன்னாங்க. இழுத்துக்குச்சு, கோடு வந்துச்சு, கலர் வந்துச்சு. அக்கா எழுதின பட்டன் ஒண்ணு கூட வரலை. பழைய புரோகிராம் பாஷையே புதுசுக்குத் தெரியாதாம்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தக் காலத்து மேப் ஃபைல்னா ஒரு ஃபைல் இல்லை, மூணு. ஒண்ணுல கோடு. ஒண்ணுல டேபிள், அதாவது எந்தக் கோடு எந்த பைப்பு, எவ்ளோ நீளம், உள்ள என்ன ஓடுது, ஓடுதா இல்லை செத்துப்போன லைனான்னு. மூணாவது ரெண்டையும் சேத்து வெக்கிற கணக்கு. இதுல கோட்டுக்கும் டேபிளுக்கும் இருக்கிற ஒரே ஒட்டு வரிசைதான். ரேஷன் கடை வாசல்ல ஜனங்க வரிசையா நிக்கிறாங்கன்னு வெச்சுக்கோங்க. உள்ள கடைக்காரர் கையில பேர் லிஸ்ட். மொதல் பேருக்கு மொதல் ஆளு, ரெண்டாவது பேருக்கு ரெண்டாவது ஆளு. வெளிய வரிசை அப்படியே நிக்கும்போது உள்ள லிஸ்டை மட்டும் எவனாவது மாத்தி எழுதிட்டா என்ன ஆகும்? முனியம்மா மண்ணெண்ணெய் முஸ்தபாவுக்குப் போகும். கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. தலை எண்ணிக்கை சரியா இருக்கே.

அக்கா போறப்ப "அந்த மூணையும் பிரிக்காதே, வெளிய எடுத்துத் திறக்காதே"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. ஏன்னு நான் கேக்கலை. எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு கெத்து.

ரெண்டாயிரத்து ரெண்டாம் வருஷம், பங்குனி வெயில். மணலியை ஒட்டின சடையங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியோட பைப்லைன் யார்டு. பேரு வேண்டாம். ஒரு தெரு அகலத்துக்கு பைப்பா படுத்துக் கெடக்கும், மொத்தம் நாப்பத்தாறு. உப்புக் காத்துல பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு, எது எந்த லைன்னு பைப்பைப் பாத்து ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. நம்ம மேப்பைப் பாத்துத்தான் சொல்லணும். அதுல செத்துப்போன மூணு லைனை கேஸ் கட்டர் வெச்சு அறுத்து எடுக்கப் போறாங்க. காலையில ஒன்பதே காலுக்கு எங்க மேனேஜர் கிண்டியில இருந்து போன் பண்றாரு. "யார்டு மேப்பும் லிஸ்டும் பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து வாங்கிப்பாரு. லிஸ்ட் லைன் நம்பர் வரிசையில இருக்கணும். போன தடவை மாதிரி இழுத்தா உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறது என் கையில இல்லைம்மா."

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை என்னுது. என் வீட்டுக்காரர் வேலை பாத்த ஃபேக்டரி மூடி ஒன்றரை வருஷம் ஆச்சு. வீட்டுல என் சம்பளம்தான்.

அக்காவோட பட்டன் இல்லை. புதுசுலயும் ஒரு வழி இருந்துச்சாம், எனக்குத் தெரியாது. டேபிளை எக்செல்ல திறந்தேன். லைன் நம்பர் மேல வெச்சு ஏறுவரிசையில அடுக்கினேன். அழகா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நின்னுச்சு. லிஸ்டை பிரிண்ட் எடுத்தேன். மூடுறப்ப அது "இதே ஃபார்மேட்ல சேவ் பண்ணட்டுமா?"ன்னு கேட்டுச்சு. எத்தனை தடவை பாத்த கேள்வி. "சரி"ன்னு தட்டினேன்.

அப்புறம் மேப் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஒரு வரி கொறைஞ்சிருந்தா "எண்ணிக்கை ஒத்துப்போகலை"ன்னு அது கத்தியிருக்கும். கொறையலை. நாப்பத்தாறு கோடு, நாப்பத்தாறு வரி. ஓடுற லைன் செவப்பு, செத்த லைன் சாம்பல், பக்கத்துல நம்பர், கீழ நம்ம ஆபீஸ் முத்திரை. பாக்க லட்சணமா இருந்துச்சு. பிளாட்டர்ல போட்டு எடுத்தேன், சூப்பர்வைசர் வந்தாரு, வாங்கிட்டுப் போனாரு. எனக்கு ஒரே பெருமை. டீ சொல்லி ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டேன்.

பதினொண்ணே காலுக்கு வேற ஒரு வேலைக்காக அதே மேப்பைத் திறந்து, பம்ப் ஹவுஸ் பக்கத்துல இருக்கிற ஒரு துண்டு லைனைத் தட்டிப் பாத்தேன். விரல் நீளம் கூட இல்லாத கோடு. டேபிள் சொல்லுது: நீளம் நாலு கிலோமீட்டர். என்னடா இது பைத்தியம்னு அடுத்ததைத் தட்டினேன். யார்டையே தாண்டிப் போற கோடு, நாப்பது மீட்டர்னு காட்டுது. மூணாவதைத் தட்டுறதுக்குள்ளயே எனக்குப் புரிஞ்சு போச்சு. காது அடைச்ச மாதிரி, வெளிய போற லாரி சத்தம் கூட கேக்கலை.

நம்பர் எல்லாம் இடம் மாறி உக்காந்திருக்கு. அப்ப காலையில போன மேப்புல சாம்பல் கலர்ல இருக்கிற மூணு லைன் எது?

பழைய டேபிள் சி.டி.யில இருந்துச்சு. போட்டு ஒப்பிட்டுப் பாத்தேன். மொத சாம்பல் லைன், தற்செயலா, நெஜமாவே செத்த லைன்தான். ரெண்டாவது நாப்தா. பெட்ரோலை விட சீக்கிரம் பத்திக்கும். உள்ள ஓடிக்கிட்டிருக்கு.

இப்ப நல்லா கேளுங்க. மேஜை மேல போன் இருந்துச்சு. யார்டு கேட் நம்பர் சுவத்துல ஒட்டியிருந்துச்சு. செல்போன் எல்லாம் கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்க, அதனால கேட்டுக்குத்தான் சொல்ல முடியும். "அறுக்கிறதை நிறுத்துங்க"ன்னு ஒரு வார்த்தை. ரெண்டு மூச்சுல சொல்லிடலாம்.

நான் சொல்லலை. பழைய டேபிளை எடுத்து புதுசு மேல போட்டேன். மேப் தானா சரியாச்சு. தலைப்புக்குக் கீழ "திருத்தப்பட்டது"ன்னு சேத்தேன். பிளாட்டருக்கு அனுப்பினேன்.

சரியான மேப் கையில இல்லாம போனா யாரு நம்புவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சுத்தப் பொய். போன்ல "நிறுத்துங்க"ன்னு சொன்னா "ஏன்?"னு கேப்பாங்க. "நான் தப்பு பண்ணிட்டேன்"னு சொல்லணும். மேப்போட போய் நின்னா, "திருத்தின காப்பி வந்திருக்கு, அதைக் குடுங்க, இதை வெச்சுக்கோங்க"ன்னு நைசா மாத்திடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. இதுதான் உள்ள ஓடுச்சு. ஒரு ஆளு அங்க நெருப்பைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு தெரிஞ்சே ஓடுச்சு.

பிளாட்டர் எவ்ளோ நேரம் எடுக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அது பழைய பிளாட்டர். அந்த ஹெட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போகும், வரும், ஒரு நூல் அளவு பேப்பர் எறங்கும். திரும்பப் போகும், வரும். நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு கட்டத்துல பாதி யார்டு வந்திருந்துச்சு, அந்த நாப்தா லைன் செவப்பா எறங்க ஆரம்பிச்சுது. "சீக்கிரம், சீக்கிரம், முருகா"ன்னு மெஷின் மேல தட்டுறேன். போன் பக்கத்துலதான் இருக்கு, கை நீட்டினா எட்டும். தலைக்கு மேல கடியாரம். பன்னெண்டு நிமிஷம். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, கொறையவும் இல்லை, பாத்துக்கிட்டேதானே நின்னேன்.

பேப்பரைக் கிழிச்சதும் பயம் மொத்தமா வந்து மேல விழுந்துச்சு. அப்பதான் போனை எடுத்தேன். கேட் நம்பர் எங்கேஜ்டு. திரும்பப் போட்டேன், எங்கேஜ்டு. மேப்பைச் சுருட்டிக்கிட்டு படியில எறங்கி ஓடினேன்.

என்கிட்ட ஒரு ஸ்கூட்டி இருந்துச்சு. ரயில்வே கேட்டுக்கு வந்தா மூடியிருக்கு. கூட்ஸ் வண்டி. எண்ணெய் டேங்கர் ஒண்ணு, ரெண்டு, பத்து, இருபதுன்னு போயிக்கிட்டே இருக்கு. பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போய் கீது"ன்னாரு. நான் மணலிப் பக்கமா வானத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். புகை எழும்புதான்னு. மணலியில எந்தப் பக்கம் பாத்தாலும் புகைதான்.

கேட் தூக்கினதும் டேங்கர் லாரிங்களுக்கு நடுவுல பூந்து போனேன். எப்படிப் போனேன்னு இன்னிக்கும் தெரியாது. யார்டு வாசல்ல செக்யூரிட்டி நோட்டை நீட்டி "பேரு, வந்த நேரம் எழுதுங்கம்மா"ங்கிறாரு. "உள்ள அறுக்கிறதை நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"ன்னு நான் போட்ட சத்தத்துல அவர் நோட்டைக் கீழ போட்டுட்டாரு. வயர்லெஸ்ல கூப்பிட்டாரு, பதில் வரலை. நான் ஓடினேன்.

அங்க மூணு பேரு. வெல்டர் சூசை, ராயபுரத்துக்காரர், நாப்பது வயசு இருக்கும், கவுத்துப் போட்ட டிரம் மேல உக்காந்து முகமூடியை நெத்திக்கு ஏத்தி விட்டுட்டு வேர்வையைத் தொடைச்சுக்கிட்டிருந்தாரு. மத்த ரெண்டு பேரும் ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணை உருட்டிக்கிட்டு வந்து நிமுத்துறாங்க. மொத லைன் அறுபட்டுத் தனியா கெடக்குது. ரெண்டாவது பைப்பு மேல சாக்பீஸ்ல கோடு போட்டாச்சு. கட்டர் அது மேலயே சாஞ்சிருக்கு.

"அண்ணே, வேணாம்! அதுல வெக்காதீங்க!"

"இன்னாம்மா, இன்னா ஆச்சு? ஏன் இப்டி ஓட்யார்ற?" சூசை எழுந்து நின்னாரு. "இது செத்த லைன்தான்மா. பேப்பர்லயே கீதே. காலீல கேஸ் மெஷின் வெச்சு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க."

கேஸ் மெஷின் வெளிக் காத்தைத்தான் மோந்து பாக்கும். மூடின பைப்புக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? "பேப்பர் தப்புண்ணே. நான்தான் போட்டேன். தப்பு"ன்னேன்.

சேஃப்டி ஆபீசர் வந்தாரு. திருத்தின மேப்பைப் பிரிச்சுப் பாத்தாரு, பம்ப் ஹவுஸ்ல ஆளை விட்டு விசாரிச்சாரு. அவர் முகம் மாறினதை நான் பாத்தேன். எல்லாரையும் தூரமா போகச் சொல்லிட்டு, சாக்பீஸ் கோட்டுல இருந்து அம்பதடி தள்ளி ஒரு சின்ன வால்வை லேசாத் திருகினாரு. ஸ்ஸ்ஸுனு பீச்சிக்கிட்டு வந்துச்சு. வாசனை எங்க எல்லாருக்கும் வந்துச்சு.

சூசை சிலுவை போட்டுக்கிட்டாரு. நாலடி நடந்து போனவரு குனிஞ்சு வாந்தி எடுத்தாரு. வாயைத் தொடைச்சுக்கிட்டுத் திரும்பி வந்து, ஓரமா கெடந்த பழைய காலி சிலிண்டரைக் காட்டினாரு. "இது மட்டும் தீராம இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, நீ ரயில்வே கேட்டாண்ட வர்றதுக்குள்ள நாங்க மூணு பேரும் பூட்டிருப்போம். புச்சு சிலிண்டர் வர்றதுக்கு லேட்டாச்சு. காண்டுல இப்பதான் இவன திட்டிக்கினு இருந்தேன்."

யாரோட கெட்டிக்காரத்தனமும் அன்னிக்கு யாரையும் காப்பாத்தலை, பிள்ளைங்களா. ஒரு காலி சிலிண்டர் காப்பாத்துச்சு. இதுல பாடம்னு ஒண்ணு எடுக்கணும்னா ரெண்டு விஷயம் சொல்லிடறேன். அந்த மூணு ஃபைலைப் பிரிக்காதீங்க; பழசை புதுசு திறந்துடுச்சுங்கிறதாலயே அது சரியாத் திறந்திருக்குன்னு நம்பாதீங்க, கோட்டையும் டேபிளையும் ஒரு இடத்துலயாவது நீளம் அளந்து பாருங்க. ரெண்டாவது, தப்புன்னு தெரிஞ்சா மொதல்ல போன். காரணம் அப்புறம், திருத்தம் அப்புறம், பிரிண்ட் கடைசி.

பாடத்தோட நிறுத்தியிருப்பேன். மத்தவங்களுக்கு இதைச் சொன்னப்ப எல்லாம் இங்கதான் நிறுத்தினேன்.

வால்வை மூடினதுக்கு அப்புறம் சூசை என்கிட்ட வந்து கேட்டாரு. "இத எப்போம்மா கண்டுபுட்ச்ச?"

"இப்பதாண்ணே. பாத்த ஒடனே ஓடி வந்துட்டேன்."

அவர் கரி புடிச்ச ரெண்டு கையாலயும் என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. "வூட்ல மூணு பொண்ணு கீதும்மா எனக்கு. நீ என் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி. நல்லா இருக்கணும் நீ."

சேஃப்டி ஆபீசர் வேற, "நல்ல வேளை, திருத்தின மேப்பையும் கையோட கொண்டாந்தீங்க"ன்னு பாராட்டினாரு. அந்த மேப் என் கையிலதான் இருக்கு. மை ஈரம் கூட முழுசா காயலை. உங்கள்ல ஒருத்தர் அங்க நின்னிருந்தா அடுத்த கேள்வி கேட்டிருப்பீங்க: "ஒடனே ஓடி வந்தேங்கிறீங்க, அப்ப இந்தத் தாளு எப்ப பிரிண்ட் ஆச்சு?" அங்க இருந்த ஒருத்தருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. விசாரணை நடந்துச்சு. புதுப் பதிப்புக்கு மாறினதுல கோளாறுன்னு எழுதினாங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். வேலை போகலை. "ஒடனே போய் நிறுத்தின பொண்ணு"ன்னு சொல்லி அந்த வருஷமே நிரந்தரம் பண்ணிட்டாங்க. உங்க முன்னாடி நான் ஒரு சீனியரா உக்காந்து பேசறது அதனாலதான்.

அந்த வருஷத்துல இருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சூசை வீட்டுல இருந்து பலகாரத் தட்டு வருது. கல்கல், அதிரசம், கேக்கு. தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதேன்னு நானும் சக்கரையோ பழமோ வெச்சு அனுப்புவேன். மூணு பொண்ணுங்க கல்யாணத்துக்கும் தாய்மாமன் வரிசைக்குப் பக்கத்துல அத்தைன்னு என்னை நிக்க வெச்சாரு. ஒவ்வொரு தடவையும் இன்னிக்குச் சொல்லிடணும்னு போவேன். காதுக்குள்ள அதே பிளாட்டர் சத்தம். சொல்லாம வந்துடுவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அவரே பேரனைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. முட்டி வலி, படி ஏற முடியலை, ஏறி வந்தாரு. இந்தத் தடவை சொல்லியே தீரணும்னு நான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் பேரன் தோள்ல கையை வெச்சு என்னைக் காட்டினாரு.

"டேய், தாத்தா இன்னிக்கு உசுரோட குந்திகினு கீறன்னா இந்தப் பாட்டிதான்டா காரணம். தெரிஞ்ச ஒடனே, ஒரு நிமிசம் கூட நிக்காம ஓட்யாந்துச்சு. கால்ல வுழுடா."

அந்தப் பையன் விழுந்தான். நான் ஆசீர்வாதம் பண்ணினேன்.